சரஸ்வதி வாந்தி எடுக்காத கார்

அத்தியாயம் 4

காரின் கூரையில் ரத்தம் இருந்தது.

இருந்தால் நன்றாக இருக்கும் என்று அமலன் ஆசைப்பட்டார் என்று சொல்வதுதான் நியாயம். இருபத்தாறு வருடம் அரசுப் பேருந்தில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து, ஓய்வு பெற்ற கையோடு திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பஞ்சர் கடையின் மாடியில் ‘அமலன் துப்பறியும் நிலையம்’ என்று போர்டு மாட்டியவர் அவர். மூன்று வருடமாக வந்ததெல்லாம் மாப்பிள்ளை விசாரணையும் ஆடு காணாமல் போன கேஸும்தான். அதிலும் ஆடுகள் தாமாகவே வீடு திரும்பிவிட்டன. ரத்தம் என்று ஒரு துளி கண்ணில் பட்டதில்லை. இப்போது, நாகல்நகரில் யாரோ ஒருவர் வீட்டு வாசலில், ஒரு வெள்ளை எலெக்ட்ரிக் காரின் பின் சீட்டில் மல்லாந்து படுத்தபடி, தலைக்கு நேர் மேலே இருந்த அந்த ரோஸ் நிறக் கறையைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நர்கீஸ், மேல பாரு.”

உதவியாளர் நர்கீஸ் கதவுக்குள் தலையை நீட்டினாள். பேகம்பூர்க்காரி. முப்பத்திரண்டு வயது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே “சம்பளம் பத்தலைன்னா பேச்சுல கழிச்சுக்கிறேன் சார்” என்று சொல்லிவிட்டுச் சேர்ந்தவள். அன்றிலிருந்து தினமும் கழித்துக்கொண்டிருக்கிறாள்.

“என்னா சார் அது?”

“ரத்தம்.”

“ரோஸ் கலர்லயா? செத்தவன் ரோஸ்மில்க் குடிச்சிட்டுச் செத்தானா?”

“காஞ்சா நிறம் மாறும்மா.”

“காஞ்சா கறுக்கும் சார். எங்க வீட்ல கறிக்கடை இருக்கு, எனக்குத் தெரியாதா?”

அமலன் எழுந்து உட்கார்ந்து சட்டையை உதறிக்கொண்டார். கேஸைப் பற்றி யோசிக்கும்போது அவர் எப்போதும் சட்டையை உதறுவார். யோசனை உதிரும் என்று ஒரு நம்பிக்கை.

கேஸ் இதுதான். ஆத்தூரில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் பொன்னுத்துரை நேற்று, செவ்வாய்க்கிழமை, மாடி ஏறி வந்து மூச்சு வாங்கியபடி ஒரே கேள்வி கேட்டார். “சார், ஒரு வண்டில ஏறுனா வாந்தி வருது, அதே மாதிரி இன்னொரு வண்டில ஏறுனா வரல. ஏன்?”

வாந்தி அவருடையதல்ல. அவர் மனைவி சரஸ்வதியுடையது. அந்த அம்மாவுக்குப் பஸ் ஆகாது. வேன் ஆகாது. கார் ஆகவே ஆகாது. ஒரே மகள் கீர்த்தனாவைப் பழனிக்கு அந்தப் பக்கம் கீரனூரில் கட்டிக்கொடுத்து இரண்டு வருடமாகிறது. கல்யாண மண்டபம் செம்பட்டியில் இருந்ததால் தாயார் டிராக்டரில் வந்து தாலிகட்டைப் பார்த்துவிட்டார். மகளின் வீட்டை இன்றுவரை பார்த்ததில்லை. ஒருமுறை கன்னிவாடியிலிருந்து திரும்பினார், இன்னொரு முறை பல்லைக் கடித்துக்கொண்டு ஒட்டன்சத்திரம்வரை போய்த் திரும்பினார். வரும் ஞாயிற்றுக்கிழமை கீரனூரில் கீர்த்தனாவுக்கு வளைகாப்பு. பெற்றவள் கையால் முதல் வளையல் போட வேண்டும்.

எலெக்ட்ரிக் காரில் டீசல் வாடை கிடையாது, ஒரு தடவை ஏற்றிப் பாருங்கள் என்று யாரோ சொன்னார்கள். பொன்னுத்துரை இரண்டு காரைப் பார்த்தார். ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே வெள்ளை. ஒன்று ஷோரூமில் புதுசு. இன்னொன்று நாகல்நகர் மதன்குமார் என்பவர் விற்கும் இரண்டு வருடப் பழசு. பழைய கார் ஆத்தூருக்கே வந்தது, சரஸ்வதியை ஏற்றிக்கொண்டு திண்டுக்கல்வரை போய்த் திரும்பியது. அந்த அம்மா வாயைத் திறந்து தூங்கினார். மறுநாள் புதுக் காரில் ஏற்றினார்கள். செம்பட்டி வருவதற்குள் இரண்டு தடவை.

“அவ பழசையே வாங்குங்கறா சார். அந்தப் பழைய வண்டிக்குள்ள என்னமோ வச்சிருக்காங்கே. மருந்து தெளிச்சிருக்காங்கே. இல்லைன்னா இம்புட்டு நல்லா ஓடுற வண்டிய ரெண்டே வருசத்துல எவனாச்சும் விப்பானா? இன்னொருத்தன் கழிச்சுக் கட்டுனத வாங்கிட்டுப் போயி சம்பந்தி வீட்டு வாசல்ல நான் நிக்கணுமா? புதுசு வேணும்னா வெள்ளிக்கிழமைக்குள்ள ஷோரூம்ல சொல்லணும். அதுக்குள்ள கண்டுபிடிச்சுச் சொல்லுங்க.”

அமலன் ஒப்புக்கொண்டார். ஒரே சிக்கல், நிலையத்தில் மாப்பிள்ளை விசாரணைப் படிவத்தைத் தவிர வேறு படிவம் கிடையாது. ஐந்நூறு அடித்து வைத்திருந்தார். நானூற்று எழுபது பாக்கி. வீணாக்க மனமில்லை.

“எழுதும்மா” என்றார் இப்போது, பின் சீட்டில் சம்மணமிட்டு.

நர்கீஸ் பேனாவைத் திறந்தாள். “பெயர், வெள்ளைக் கார். வயசு, ரெண்டு. நிறம், சிவப்பு மாநிறம் கறுப்புன்னு மூணுதான் போட்டிருக்கு, வெள்ளைன்னு நானே சேத்துக்கிறேன். குடிப்பழக்கம்?”

“என்ன போட?”

“ராத்திரி மட்டும்னு போடுறேன். சொருகி விட்டா விடியிற வரைக்கும் குடிக்குமாம். உடல்நலம், சர்வீஸ் ரிப்போர்ட்டு இந்தா இருக்கு, பேட்டரி தொண்ணூத்தஞ்சு சதம். எனக்கே அம்புட்டு இல்ல. முதல் தாரமா ரெண்டாம் தாரமா, ரெண்டாம் தாரம். அடுத்தது சார்…”

“என்ன அடுத்தது?”

“முதல் சம்பந்தம் முறிந்ததற்கான காரணம்.”

இருவரும் அந்தக் காலியிடத்தைப் பார்த்தார்கள். மொத்தக் கேஸும் அந்த ஒற்றை வரிக் கோட்டின்மேல்தான் உட்கார்ந்திருந்தது.

அமலன் குனிந்து சீட்டு இடுக்கில் விரலை விட்டார். விரலோடு வந்தவை கடுகைவிடக் கொஞ்சம் பெரிய, வெள்ளி நிறத்தில் பளபளக்கும் ஏழு குண்டுகள். உள்ளங்கையில் வைத்து உருட்டினார். முகத்தில் ஓர் ஒளி வந்தது.

“பேரிங் குண்டு. உள்ளுக்குள்ள ஏதோ பேரிங் உடைஞ்சிருக்கு. அத மறைச்சு விக்கிறான். கேஸ் முடிஞ்சது.”

நர்கீஸ் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

“ஏம்மா, என்ன பண்ற?”

“இனிக்குது சார்.”

“தடயத்தத் தின்னுட்டியா?”

“இன்னும் ஆறு இருக்குல்ல.”

அமலனும் ஒன்றைத் தின்று பார்த்தார். இனித்தது. பேரிங் இனிக்காது என்ற அளவுக்கு அவருக்கு இயந்திரவியல் தெரியும். கேஸ் மறுபடியும் திறந்துகொண்டது.

அவர் முன்பக்கம் போய் டிரைவர் சீட்டில் ஏற முயன்றார். முடியவில்லை. சீட்டு ஸ்டியரிங்கோடு ஒட்டாத குறையாக முன்னால் இழுத்து வைக்கப்பட்டிருந்தது. வயிறு ஒரு பக்கம், முழங்கால் ஒரு பக்கம் என்று மடங்கி உட்கார்ந்தவர், ஹாரனைத் தொப்பையால் அழுத்திவிட்டார். சத்தம் கேட்டு, குளிக்கப் போயிருந்த மதன்குமார் துண்டோடு ஓடி வந்தார்.

மதன்குமார் ஆறடி. சரியாகச் சொன்னால் ஆறடி இரண்டங்குலம். நிலைப்படியில் குனிந்து வந்தார்.

“வண்டி எப்படி இருக்குங்க? நல்லாப் பாத்துக்கங்க. ஒரே கை. ஆபீஸ் போக, வர, அம்புட்டுதான்.”

“நீங்கதான் ஓட்டுறதா?” அமலன் இறங்கிக்கொண்டே கேட்டார்.

“வேற யாரு? தினம் நாந்தான். நேத்துக்கூட.”

“கொஞ்சம் உக்காந்து காட்டுங்க. ஏசி எப்படிப் போடறதுன்னு பாக்கணும்.”

மதன்குமார் உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கில் ‘டக்’ என்று இடித்தன. கை அவரை அறியாமல் சீட்டுக்கு அடியில், அதைப் பின்னால் தள்ளும் கொக்கியைத் தேடியது. பிறகு, தான் செய்வது என்னவென்று புரிந்து நின்றது. அவர் தலையைத் திருப்பி எதிர்வீட்டு முருங்கை மரத்தை மிகுந்த அக்கறையோடு பார்க்கத் தொடங்கினார்.

அமலனுக்கு உடம்பு சிலிர்த்தது. இருபத்தாறு வருட அனுபவத்தில் அவர் அறிந்த ஒரே அறிவியல் இது. டிக்கெட் எடுக்காதவன் செக்கரைக் கண்டதும் ஜன்னலுக்கு வெளியே மரம் பார்ப்பான்.

“சரிங்க, வாரோம்” என்று சொல்லிவிட்டுத் தெருமுனைக்கு வந்ததும் நர்கீஸின் தோளைத் தட்டினார். “பொய். அந்த சீட்டு அஞ்சடிக்கு மேல உள்ள ஆளுக்கு இல்ல. தினம் ஓட்டுறது வேற யாரோ.”

“அஞ்சடியில அந்த வீட்ல இன்னொருத்தர் இருக்காங்க சார். வாசல்ல சின்னச் செருப்பு கெடந்துச்சு.”

“நான் பாத்தேன்.”

“பாத்தீங்களா?”

“பாத்திருப்பேன்.”

எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்தார்கள். மதன்குமார் பைக்கில் ஆபீஸ் போனார். அதுவே அவர் பொய்க்கு ஒரு முத்திரை. பதினொரு மணிக்கு அவர் மனைவி தீபா வெளியே வந்தார். ஐந்தடி, இருந்தால் அதிகம். பெரிய அட்டைப் பெட்டி ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, மூச்சுகூட விடாமல், பிறந்த குழந்தையைப் போல அதைப் பின் சீட்டில் படுக்க வைத்தார். கதவை அறையாமல் மெல்ல ஒட்டிச் சாத்தினார். கார் கிளம்பியது.

“பின்னாடியே போ. விட்றாத” என்றார் அமலன், ஸ்கூட்டரில் தாவி ஏறி.

துப்பறியும் சரித்திரத்தில் அதைவிட மெதுவான துரத்தல் நடந்திருக்க முடியாது. பெட்டியில் இருப்பது வெடியா, பணமா, பாம்பா என்று அமலன் மனசு பறந்துகொண்டிருந்தது, கார் பறக்கவில்லை. மெயின் ரோட்டில் அது இருபத்தைந்தில் போனது. வேகத்தடை வந்தால் முதல் சக்கரத்தை ஏற்றி, யோசித்து, இரண்டாவது சக்கரத்தை ஏற்றி, மறுபடியும் யோசித்து இறங்கியது. டவுன் பஸ் முந்தியது. ஷேர் ஆட்டோ முந்தியது. தண்ணீர் டேங்க் கட்டிய டிராக்டர் முந்தியது. சைக்கிளில் தேங்காய்க் குலை கட்டிப்போன ஒரு பெரியவர் முந்திப் போகும்போது உள்ளே எட்டிப் பார்த்து, வண்டி ரிப்பேரா என்று கையால் கேட்டுவிட்டுப் போனார்.

“சார், ஸ்கூட்டர் விழுந்துரும். இந்த வேகத்துல ரெண்டு சக்கரம் நிக்காது.”

“காலை ஊனிக்கோ.”

“பத்து நிமிசமா ஊனித்தான் வாரேன். செருப்பு தேஞ்சு போச்சு, பில்லுல சேத்துக்கங்க.”

வேறு வழியில்லாமல் காரை முந்தினார்கள். பின்தொடரும் காரை முந்தினால் என்ன செய்வது என்று எந்தப் பயிற்சியிலும் அமலனுக்குச் சொல்லித்தரவில்லை, அவர் எந்தப் பயிற்சிக்கும் போனதில்லை. ரோட்டோரம் பன்னீர் திராட்சை விற்ற கடையில் நிறுத்தி, விலை பேசி, அரைக் கிலோ வாங்கி, கழுவி, தின்று, கொட்டையைத் துப்பி முடித்தார்கள். அப்போதுதான் கார் வளைவில் தலையைக் காட்டியது.

சின்னாளபட்டியில், தறிச் சத்தம் கேட்கும் ஒரு தெருவில், வாசலில் பலூன் கட்டிய வீட்டு முன்னால் அது நின்றது. தீபா இறங்கிப் பின்கதவைத் திறந்தார். அமலன் பாய்ந்தார்.

“அசையாதீங்க.”

“நான் அசையல. நீங்களும் அசையாம அடியப் பிடிங்க” என்றார் தீபா, திரும்பிப் பாராமல். “கட்டைவிரல் மேல படக் கூடாது. மெதுவா. படி இருக்கு.”

அமலனுக்கு என்ன நடந்தது என்று புரிவதற்குள் அவர் மூன்றடுக்கு பிறந்தநாள் கேக் ஒன்றை நெஞ்சோடு அணைத்து, நாற்பது உறவினர்கள் கைதட்ட, ஹாலுக்குள் சுமந்து போய்க்கொண்டிருந்தார். கேக்கின் ஓரம் முழுக்க வெள்ளி நிறத்தில் பளபளக்கும் குண்டுகள். மேலடுக்கில் ரோஸ் நிறக் கிரீம். ஒரு குண்டுகூட உதிர்ந்திருக்கவில்லை.

வெளியே வந்து அமலன் தான் யாரென்று சொன்னதும் தீபா எல்லாவற்றையும் சொன்னார். பயப்படவில்லை, வெட்கப்பட்டார். மூன்று வருடமாக வீட்டிலேயே கேக் செய்து விற்கிறார். வாடகை ஆட்டோவில் அனுப்பிய கேக்கெல்லாம் அல்வாவாகப் போய்ச் சேர்ந்ததால்தான் இந்தக் காரே வாங்கினார்கள்.

“கடை வேலைக்கு ஓட்டுன வண்டின்னு தெரிஞ்சா யாரும் வாங்க மாட்டாங்கன்னு இவருதான் ஆபீஸ்க்குன்னு சொல்லி வச்சாரு. நான் வேணாம்னேன். அவருக்குப் பொய் சொல்லவும் வராது.”

“வராதுங்க” என்றார் அமலன் அன்போடு. “மரத்தப் பாத்தாரு. சரி, கூரைல அந்தக் கறை?”

“போன மாசம் நாலடுக்கு கேக் ஒண்ணு. கடைசி அடுக்கு கூரைல இடிச்சிருச்சு. ஸ்ட்ராபெரி. தேய்ச்சேன், போகல. இப்ப கல்யாணத்துக்கெல்லாம் அஞ்சடுக்கு கேட்குறாங்க சார். இந்தக் கார்ல நிக்காது. உசரமா ஒரு வேன் எடுக்கப் போறோம். வேற ஒரு குறையும் கெடையாது. பேட்டரி கேரண்டிகூட இன்னும் ஆறு வருசம் இருக்கு, பேர் மாத்துனா அதுவும் மாறிரும்.”

நர்கீஸ் படிவத்தைப் பிரித்து, ஸ்கூட்டர் சீட்டில் வைத்து, காலியாக இருந்த வரியை நிரப்பினாள். முதல் சம்பந்தம் முறிந்ததற்கான காரணம்: உயரம் பத்தவில்லை.

வாந்திக்குக் காரணம்? அதையும் அமலன் சின்னாளபட்டியிலிருந்து வரும் வழியிலேயே முடித்துவிட்டார். திண்டுக்கல் திரும்பும்வரைகூட அவர் மூளை காத்திருக்கவில்லை.

*

வியாழக்கிழமை சாயங்காலம் தோப்பு வீட்டு வாசலில் எல்லோரும் கூடினார்கள். பொன்னுத்துரை, சரஸ்வதி, காரை ஓட்டிக்கொண்டு வந்த தீபா, நர்கீஸ். அமலன் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். முடிச்சை அவிழ்க்கும் நாளில் மட்டும் போடும் சட்டை அது. இதுவரை இரண்டு தடவைதான் போட்டிருக்கிறார்.

“பொன்னுத்துரை, அந்த வண்டில மருந்து இருக்குன்னு சொன்னீங்க. இருக்கு.” நிறுத்தி, எல்லோர் முகத்தையும் பார்த்தார். “அதுக்குப் பேரு வெனிலா. ரெண்டு வருசமா கேக் வாசம் சீட்டுல ஊறிப் போயிருக்கு. புது வண்டியில பெயின்ட், பிளாஸ்டிக், ரெக்சின் வாடை. ஒங்க சம்சாரத்துக்கு ஆகாதது வண்டி இல்ல, வாடை. பழசையே வாங்குங்க. கேஸ் முடிஞ்சது.”

சரஸ்வதி தலையை ஆட்டினார். பொன்னுத்துரையும் அரை மனசாக ஆட்டினார். “அப்ப நானே ஓட்டிப் பாக்குறேன். ஏறு சரசு. சார், நீங்களும் பின்னாடி ஏறுங்க, கண்ணால பாத்த மாதிரி இருக்கும்.”

அமலன் பெருமையோடு ஏறினார், சரஸ்வதிக்குப் பக்கத்தில்.

பொன்னுத்துரை நாற்பது வருடமாக டிராக்டர் ஓட்டியவர். மிதித்தார். எலெக்ட்ரிக் காருக்கு டிராக்டரைப் போல யோசிக்கும் வழக்கம் கிடையாது. மிதித்த கணத்தில் முன்னால் எகிறியது. பயந்து காலை எடுத்தார். காலை எடுத்ததும் அது தானாகவே பிரேக் பிடித்து நின்றது. மறுபடி மிதித்தார். எகிறியது. எடுத்தார். நின்றது. தோப்பின் கடைசித் தென்னையை அடைவதற்குள் பின் சீட்டில் இரண்டு தலைகளும் முப்பது தடவை கும்பிடு போட்டிருந்தன.

கடைசித் தென்னைக்கு நாலு தென்னை முன்னால், வெனிலா வாசம் நிறைந்த அந்தக் காரில், சரஸ்வதி வாந்தி எடுத்தார்.

அமலன் இறங்கி வந்தபோது வெள்ளைச் சட்டை வெள்ளையாக இல்லை. நர்கீஸ் அவரைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தாள்.

“சார், வெனிலா வாசம் வரலையே.”

அவர் யோசிப்பதற்குச் சட்டையை உதறப் போய், நினைவு வந்து கையை எடுத்துக்கொண்டார். இரண்டாவது தடவையாக முடிந்த கேஸ் இரண்டாவது தடவையாகத் திறந்து கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு இடையில் இரண்டே நாள்தான் இருந்தது, அந்த அம்மா பம்ப்செட் தொட்டி ஓரம் உட்கார்ந்து வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்க அமலனுக்குக் கூச்சமாக இருந்தது.

நர்கீஸ் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “ஐயா, மொதத் தடவ இந்தக் கார்ல அம்மா தூங்கிட்டுப் போனாங்கள்ல. ஓட்டுனது யாரு?”

“இந்தப் பிள்ளதான். அவுக வீட்டுக்காரருக்கு ஆபீஸ்” என்று தீபாவைக் காட்டினார் பொன்னுத்துரை.

“ஷோரூம் வண்டிய ஓட்டுனது?”

“அங்க வேலை பாக்குற தம்பி. மூணு செகண்டுல பறக்கும் பாருங்க சார்னு பறக்கவிட்டுக் காட்டுனான்.”

“இப்ப ஓட்டுனது?”

பொன்னுத்துரை குனிந்து தன் வலது காலைப் பார்த்தார்.

“சார், நம்ம படிவத்துல தப்பு” என்றாள் நர்கீஸ். “மாப்பிள்ளையப் பத்தி எல்லாம் கேட்டிருக்கோம். அவன யாரு ஓட்டுறான்னு ஒரு கட்டம் இல்ல.”

தீபா மெதுவாகச் சொன்னார். “எனக்குப் பின்னாடி எப்பவும் கேக் இருக்கும்ங்க. அன்னிக்கு அக்கா இருந்தாங்க. எனக்கு வித்தியாசமே தெரியல. எப்பவும் போல ஓட்டுனேன்.”

பொன்னுத்துரைக்கு முகம் தெளிந்தது. “அப்ப வண்டியில ஒண்ணும் இல்ல. ஓட்டுறதுலதான். நான் ஓட்டப் பழகிக்கிறேன். பழகுறதுதான் பழகுறோம், புதுசையே வாங்கிருவோம் சரசு. நாளைக்குக் காலைல போயிச் சொல்லிர்றேன்.”

“வேணாம்” என்றார் சரஸ்வதி.

தொட்டியிலிருந்து எழுந்து முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அந்தப் புது வண்டியில ஏறுறப்பவே அந்தத் தம்பி, பாத்தும்மா, சீட்டு பாத்தும்மான்னான். நீங்க மூணு தடவ சொன்னீங்க, புது வண்டி சரசு, புது வண்டி சரசுன்னு. எனக்கு அந்தப் பயத்துலயே பாதி வந்துருச்சு. ரெண்டு வருசமா கீர்த்தனா கூப்புடுறா. நான் போகாதது வாந்திக்குப் பயந்து இல்ல. வண்டிக்காரன் மூஞ்சியப் பாக்கப் பயந்து.” காரைக் கையால் காட்டினார். “இதுல ஏற்கெனவே கூரை பூரா கிரீம் அப்பிக் கெடக்கு. இப்ப நானும் என் பங்குக்கு அப்பிட்டேன். இதுக்கு மேல இதுல பயப்பட என்னா இருக்கு?”

பொன்னுத்துரை தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தொட்டியில் நனைத்து, காரின் பின் சீட்டைத் துடைக்க ஆரம்பித்தார். புதுத் துண்டு அது. அமலனும் ஒரு பக்கம் துடைத்தார். தன் சட்டையால்தான். அதற்கு இனி வேறு உபயோகம் இல்லை.

*

வெள்ளிக்கிழமை கார் கைமாறியது. அன்றே தீபாவின் பள்ளிக்கூடம் தொடங்கியது. பாடம் எளிது. பின் சீட்டில் ஒரு கேக். அது கலையாமல் தோப்பை மூன்று சுற்று சுற்ற வேண்டும். காலை எடுத்தால் பிரேக் பிடிக்கும் குணத்தையும் தீபா ஒரு பொத்தானை அழுத்திக் குறைத்துவைத்தார். “மிச்சம் உங்க கால்லதாங்க இருக்கு” என்றார்.

முதல் கேக் முதல் சுற்றிலேயே கேசரி ஆனது. இரண்டாவது கேக் முன் சீட்டுக்கு வந்துவிட்டது. உருக்குலைந்தவற்றையெல்லாம் ‘தடயம்’ என்று சொல்லி நர்கீஸ் தின்றாள். சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் ஐந்தாவது கேக் சாயாமல் நின்றது. பொன்னுத்துரை இறங்கி வந்து, நாற்பது வருட டிராக்டர் அனுபவத்தில் இவ்வளவு வேர்த்ததில்லை என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்பினார்கள். முன் சீட்டில் அமலன். பின் சீட்டில் ஒரு பக்கம் சரஸ்வதி, மறு பக்கம் நர்கீஸ், நடுவில் வளைகாப்புக்கு தீபா செய்து கொடுத்த இரண்டடுக்கு கேக், ஓரம் பூராவும் வெள்ளிக் குண்டுகளோடு. பழனிக்குப் பாதயாத்திரை போன ஒரு கூட்டத்தை வழியில் முந்தினார்கள். டீ குடிக்க நிறுத்தியபோது கூட்டம் இவர்களை முந்தியது. அதன் பிறகு யார் முன்னால் போவது என்று கொஞ்ச தூரம் போட்டியாகவே இருந்தது.

கன்னிவாடி போயிற்று. யாரும் வண்டியைத் திருப்பச் சொல்லவில்லை. ஒட்டன்சத்திரம் மார்க்கெட் முன்னால் தக்காளிக் கூடைகள் ரோட்டை அடைத்திருந்தன. பொன்னுத்துரை மெதுவாக, மிக மெதுவாக, உருட்டினார். அமலன் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தார்.

சரஸ்வதி ஜன்னலில் முகத்தை வைத்திருந்தார். “இந்த லாரி ஸ்டாண்டுலதான் போன தடவ திரும்புனோம்” என்றார். பிறகு, “அங்கிட்டு எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது.”

அங்கிட்டு மலை தெரிந்தது. அவர் தூங்கவில்லை. கடைசிவரை பார்த்துக்கொண்டே வந்தார்.

கீரனூரில் சம்பந்தி அம்பிகா வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். “ஏனுங்க சம்பந்தி, பத்து மணிக்கு வர்றேன்னு போட்டு, பன்னெண்டாகப் போற நேரத்துக்கு வர்றீங்க. நல்ல நேரம் முடியறதுக்கு இன்னும் கால் மணிதானுங்க இருக்குது. வண்டி நடுவுல நின்னு போச்சுங்களா?”

“இல்லீங்க” என்றார் பொன்னுத்துரை, இறங்கி நெற்றியைத் துடைத்தபடி. “ஓடிட்டுத்தான் இருந்துச்சு.”

சரஸ்வதி தாமாகவே கதவைத் திறந்து இறங்கினார். சேலைக் கொசுவத்தை நீவிவிட்டுக்கொண்டார். வீட்டை ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்தார். நிலைப்படியில் கீர்த்தனா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நம்பாத கண்ணோடு நின்றாள்.

“அம்மா. நீ எப்படிம்மா வந்த?”

“கேக் மாதிரி வந்தேன்” என்றார் சரஸ்வதி.

மகளுக்கு ஒன்றும் புரியவில்லை. தாயார் விளக்கவும் இல்லை. கை நிறையக் கண்ணாடி வளையலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அமலன் பெட்டியைத் திறந்து பார்த்தார். கேக் நின்றபடி நின்றது. ஒரே ஒரு வெள்ளிக் குண்டு மட்டும் உதிர்ந்து அட்டையில் கிடந்தது. அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, தூசி எதுவும் விழாத கண்ணைத் துடைத்துக்கொண்டார். உள்ளே வளையல் சத்தம் கேட்டது.

நர்கீஸ் காரின் மூக்கில் படிவத்தை விரித்தாள். “சார், கடைசிக் கட்டம் ஒண்ணு பாக்கி இருக்கு. சம்பந்தம் செய்யலாமா, கூடாதா?”

“நீயே போடும்மா.”

அவள் எழுதினாள்: செய்யலாம். மெதுவாக.